பயத்துக்குப் பக்கத்துச் சொல்

அத்தியாயம் 11

"நீங்க பேஷண்ட். நாளைக்கு ஒங்களுக்கு ஆபரேஷன். பயந்துபோய்ப் படுத்திருக்கீங்க. ம், ஆரம்பிங்க."

"ஐ ஆம் ஸ்கேர்டு ஸ்டிஃப், சிஸ்டர்," என்றேன்.

டயானா கரண்டியைக் கீழே வைத்தாள். "மூஞ்சியில ஒண்ணையும் காணோமே மச்சான். கடையில கால் கிலோ துவரம்பருப்பு கேக்குற மாதிரில்ல சொல்றீங்க."

"பரீட்சை ஒனக்குத்தான்."

"பேஷண்ட் ஒழுங்காப் பயந்தாத்தான நர்ஸ் ஒழுங்காப் பேச முடியும்?"

நியாயம்தான். ஆனால் வரவில்லை. மெர்லின் போனதிலிருந்து எனக்கு எதுவும் வருவதில்லை. பசி வருவதில்லை. கோபம் வருவதில்லை. பயமும் அப்படித்தான்.

மெர்லின் என் மனைவி, டயானாவின் அக்கா. போன வருடம் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. திருச்சியில் நர்ஸாக இருந்த டயானா வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். ஆவூருக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்களுடைய இந்த வீட்டில்தான் என் மகள் இனியா வளர்கிறாள். நான் இலுப்பூரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் நடத்துகிறேன். சனிக்கிழமை வருவேன், பிஸ்கட் பாக்கெட்டை நீட்டுவேன், திங்கட்கிழமை போய்விடுவேன். நான்கு வயதுப் பெண்ணுக்கு அதற்கு மேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. மற்றதெல்லாம் டயானா.

இன்று இரண்டு காரியங்கள். காலையில் மெர்லினுக்கு வருஷப் பூசை. மதியம் டயானாவுக்குத் திருச்சியில் தேர்வு. வெளிநாடு போகிற நர்ஸுகளுக்கான ஆங்கிலத் தேர்வு. எழுதுவதும் படிப்பதும் முடிந்தாயிற்று. பாக்கி இருப்பது பேசுவது. எதிரில் ஒருவர் நோயாளியாக நடிப்பார். இவள் பேசி அவரைத் தேற்ற வேண்டும். தேறிவிட்டால் அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி இவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு காரியமும் இருந்தது. நேற்று என் மாமனார் மரியசூசை, "நாளைக்குப் பூசை முடியட்டும், ஒரு நல்லது பேசணும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அது என்னவென்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். பிள்ளையை விட்டுவிட்டு ஒருத்தி செத்துப்போய், அவளுக்குக் கல்யாணமாகாத தங்கச்சி இருந்தால், எங்கள் பக்கம் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

"பயத்தை வரிசையாச் சொல்லுங்க," என்றாள் டயானா. "இன்னொரு வாட்டி."

ஆங்கிலத்தில் பயம் தனியாக வராது, பக்கத்தில் ஒரு சொல்லைக் கூட்டிக்கொண்டுதான் வரும் என்று சென்டரில் சொல்லிக்கொடுப்பேன். உடம்பு விறைத்துப்போனால் ஸ்கேர்டு ஸ்டிஃப். கவலை வயிற்றைப் புரட்டினால் வொரீடு சிக். கை கால் உதறினால் ஷேக்கிங் வித் ஃபியர். என்ன வரப்போகிறதென்றே தெரியாவிட்டால் ஃபியர் ஆஃப் தி அன்நோன். ஒன்றைக் கண்டு பயந்தால் ஃபியர் ஆஃப். ஒருவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தால் ஃபியர் ஃபார்.

"பேஷண்ட் எந்தச் சொல்லப் போடுறாருன்னு கவனி. அதுலதான் விஷயமே இருக்கு. அப்புறம் 'வாட் வொரீஸ் யூ மோஸ்ட்'னு கேளு. பயப்படாதீங்கன்னு மட்டும் சொல்லிராத. மார்க் போயிரும்."

"நம்ம வீட்டுல அது ஒண்ணுதான் சொல்லுவாங்க," என்றாள்.

மாமியார் சந்தனமேரி அத்தை, குளிப்பாட்டிய இனியாவைத் துண்டோடு தூக்கிக்கொண்டு வந்தார். "போ, போயி அம்மாட்ட சடை போட்டுக்க."

"சித்தி," என்றாள் இனியா.

"சித்தி இல்லடி. அம்மான்னு கூப்புடு. நேத்து அம்மாச்சிட்ட எப்புடிச் சொன்ன?"

இனியா அத்தையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு டயானாவைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல, "அம்மா" என்றாள்.

டயானாவின் முகம் வெளுத்தது. பேல் வித் ஃபியர் என்று என் மூளை தானாக எடுத்துக் கொடுத்தது. அதுதான் என் மூளை இப்போது செய்கிற ஒரே வேலை.

டயானா சீப்பை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் இனியா, "வலிக்குது" என்றாள்.

*

கோயிலில் நல்ல கூட்டம். பூசை தொடங்கும்போது, ஃபாதருக்கு ஒத்தாசையாக இருக்கும் உபதேசியார் ஜோசப், இன்றைய பூசை யாருக்காக என்ற கருத்தை மைக்கில் வாசித்தார். "மெர்லின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. கணவர் ஜெரால்டு, மகள் இனியா மற்றும் குடும்பத்தார்."

அத்தை அழுதார். மாமா இருமினார். நான் முன்வரிசையில் நின்ற ஒருவரின் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூசை முடியும் தறுவாயில் அறிவிப்புகள். மாதர் சங்கக் கூட்டம். கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர். அதன்பிறகு உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "திருமண அறிக்கை, முதல் ஓலை" என்றார். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெண், மாப்பிள்ளை பெயரைக் கோயிலில் வாசிப்பதற்கு இங்கே ஓலை என்றுதான் பெயர். சாம்பல் புதன் நெருங்க நெருங்க ஓலைகள் கூடும். அன்று தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. யாரோ அவசரப்படுகிறார்கள் என்று நினைத்தேன்.

"இலுப்பூரைச் சேர்ந்த, தாரமிழந்த ஜெரால்டு என்பவரும், நம் பங்கைச் சேர்ந்த மரியசூசை, சந்தனமேரி ஆகியோரின் மகள் டயானா என்பவரும் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள். இவர்களுக்குள் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

ஒரே பூசை. ஒரே மைக். தொடக்கத்தில் மெர்லின் பெயரோடு என் பெயர். முடிவில் டயானா பெயரோடு.

பீடத்தில் நின்ற ஃபாதர் சட்டென்று திரும்பி உபதேசியாரைப் பார்த்தார். பெண்கள் பக்கத்தில் டயானா முக்காட்டை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். இனியா அங்கிருந்து உரக்கச் சொன்னாள். "அப்பா, நம்ம பேரு வாசிச்சாங்க!"

சிலர் சிரித்தார்கள்.

வெளியே வந்ததும் பெண்கள் டயானாவைச் சூழ்ந்துகொண்டு கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டார்கள். "நல்லதுடி தாயி. அக்கா புள்ள அடுத்தவ கையில அல்லாடாம..." ஒருவர் என் முதுகில் தட்டி, "பிரியாணிதான மாப்ள?" என்றார்.

நான் மாமாவிடம் போனேன். "என்ன மாமா இது?"

"நாந்தான் உபதேசியார்ட்ட சொல்லி வச்சேன், பேசி முடிச்சாச்சுன்னு. இப்ப விட்டா ஈஸ்டர் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போயிரும்."

"பேசவே இல்லயே."

"இதுல பேச என்ன மாப்ள இருக்கு? நீங்க வேணாம்னு சொல்லலல்ல?"

சொல்லவில்லைதான். அதற்குள் ஃபாதர் அங்கியைக்கூடக் கழற்றாமல் வேகமாக வந்தார்.

"மரியசூசை, நான் ரெண்டு பேரையும் கூப்புட்டுக் கேக்கவே இல்ல. அதுக்குள்ள ஓலை எப்புடி?"

உபதேசியார் தலையைச் சொறிந்தார். "இவரு முடிஞ்சுதுன்னாரு, ஃபாதர். நீங்க கேட்டிருப்பீங்கன்னு நெனச்சுட்டேன்."

"ரெண்டு பேரும் அறைக்கு வாங்க. இப்பவே. ஒவ்வொருத்தரா."

டயானா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். திருச்சிக்குக் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது.

*

அவள்தான் முதலில் போனாள். அறைச் சன்னலுக்கு வெளியே அத்தை ஜெபமாலையோடு நின்றார். ஜெபம் சொல்லவில்லை. சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தைக்கு ரத்தக் கொதிப்பு. மெர்லினை அடக்கம் செய்த அன்று மயங்கி விழுந்தார். அதன்பிறகு வீட்டில் யாரும் அவரிடம் 'இல்லை' என்ற சொல்லைச் சொன்னதில்லை.

டயானா சீக்கிரமே வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. "போங்க மச்சான். சீக்கிரம்."

ஃபாதர் எனக்கு நாற்காலியைக் காட்டினார். "சம்பிரதாயக் கேள்விதான் ஜெரால்டு. ஆனா கேக்கணும். ஒன்னய யாரும் கட்டாயப்படுத்துறாங்களா?"

"இல்ல, ஃபாதர்."

"யாருக்காவது, எதுக்காவது பயந்துக்கிட்டுச் சம்மதிக்கிறியா?"

இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். வண்டிச் சாவி கையில் இருந்தது. ஆனால் வாய் வழக்கம்போலப் பக்கத்துச் சொல்லைத் தேடியது.

"எந்த மாதிரிப் பயம், ஃபாதர்?"

அவர் புருவத்தைத் தூக்கினார். "திருச்சபைச் சட்டத்துல கடும் பயம்னு இருக்கும். இங்கிலீஷ்ல கிரேவ் ஃபியர். அப்புடியொரு பயம் இருந்தா அந்தக் கல்யாணம் செல்லாது."

என் வரிசையில் இல்லாத சொல். "அது எப்புடி இருக்கும்?"

"அதுலேர்ந்து தப்பிக்கக் கல்யாணத்த விட்டா வேற வழியே இல்லன்னு நெனக்க வைக்கும்."

வெளியே இனியா ஏதோ கேட்டு அழும் சத்தம் வந்தது. யாரோ டயானாவைக் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் நான் எப்போதும் என்ன செய்வேன் என்று யோசித்தேன். போனை எடுப்பேன். வண்டியைத் துடைப்பேன். டயானா வரும்வரை வேறு பக்கம் பார்ப்பேன்.

"அப்படின்னா எனக்கு இருக்கு, ஃபாதர்."

"எதுக்குப் பயம்?"

"எம்புள்ளைக்கு."

"புள்ளைக்கு என்ன ஆகுமோன்னா?"

"இல்ல. புள்ளையக் கண்டுதான்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டாவது ஓலை வாசிக்க மாட்டோம். மரியசூசைட்ட நான் பேசுறேன். நீ போ."

*

வண்டியைக் கிளப்பும்போது மாமா குறுக்கே வந்து நின்றார். "எங்க மாப்ள?"

"டயானாவுக்குப் பரீட்சை, மாமா."

"ஓலையே வாசிச்சாச்சு. இனிமே எதுக்குப் பரீட்சை? கல்லறைக்குப் போகணும், சொந்தக்காரங்க சாப்புடணும்."

"பணம் கட்டியாச்சுப்பா," என்றாள் டயானா. அவ்வளவுதான் சொன்னாள். பின்னால் ஏறி உட்கார்ந்தாள். இனியா ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு கத்தினாள். பிரித்தெடுக்க முடியவில்லை. டயானா அவளைத் தூக்கி எங்கள் இருவருக்கும் நடுவே உட்காரவைத்தாள்.

மாத்தூரைத் தாண்டினோம். லாரிகளுக்கு இடையில் புகுந்து புகுந்து போனேன். விமான நிலையத்தை நெருங்கும்போது ஒரு விமானம் தலைக்கு மேல் தாழ்வாக இறங்கியது. இனியா கை தட்டினாள். கண்ணாடியில் பார்த்தேன். டயானா தலையைத் தூக்கவில்லை.

தேர்வு மையம் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில். வாசலிலிருந்த செக்யூரிட்டி அம்மா, "கடைசி ஆளு நீங்கதான், ஓடுங்க" என்றார். டயானா தன் போனையும் பையையும் என்னிடம் கொடுத்தாள். பிறகு இனியாவை.

"வச்சுக்குவீங்களா?"

"வச்சுக்குறேன்."

"ஒண்ணுக்கு வந்தா சொல்லுவா. ஆனா ஃபிளஷ் சத்தத்துக்குப் பயப்படுவா. வெளிய நின்னு பேசிக்கிட்டே இருக்கணும்."

"போ."

"அழுதா—"

"போ டயானா."

அவள் படியில் ஓடினாள். இனியாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் உதட்டைப் பிதுக்கினாள். நான் பிஸ்கட் பாக்கெட்டைத் தேடினேன். கொண்டுவரவில்லை.

"ஒண்ணுக்கு," என்றாள்.

ஆண்கள் பக்கம் கூட்டிக்கொண்டு போவதா, பெண்கள் பக்கம் அனுப்புவதா? மகளை வைத்துக்கொண்டு நான் ஒருநாளும் தனியாக வெளியே வந்ததில்லை. இரண்டு கதவுக்கும் நடுவே நின்றேன். முதுகு வியர்த்தது.

"இங்கிட்டு லேடீஸ், சார். பாப்பாவ மட்டும் அனுப்புங்க," என்றார் செக்யூரிட்டி அம்மா. "உள்ள ஆளில்ல. நீங்க கதவுகிட்டயே நில்லுங்க."

இனியா உள்ளே போய்விட்டுத் தலையை நீட்டினாள். "பேசு."

"என்ன பேசணும்?"

"சித்தி பேசும்ல."

"இங்கதான் இருக்கேன்."

"பேசு!" குரல் உடைந்தது.

எனக்குக் கதை தெரியாது. பாட்டு வராது. மனப்பாடமாக இருந்தது ஒன்றுதான். "ஸ்கேர்டு ஸ்டிஃப்," என்றேன். "ஸ்கேர்டு டு டெத். வொரீடு சிக். ஷேக்கிங் வித் ஃபியர்."

கதவுக்குப் பின்னாலிருந்து, "இன்னும்."

"ஃப்ரோசன் வித் ஃபியர். லிவ் இன் ஃபியர். ஃபியர் ஆஃப் தி அன்நோன்."

"ஷேக்கிங்!" என்று உள்ளிருந்து எதிரொலித்தாள்.

"ஷேக்கிங் வித் ஃபியர்."

ஃபிளஷ் சத்தம் கேட்டது. நான் குரலை உயர்த்தினேன். அவளும் உயர்த்தினாள். பெண்கள் கழிப்பறை வாசலில் நின்று பூசை வேட்டியோடு ஓர் ஆள் ஷேக்கிங் ஷேக்கிங் என்று கத்துவதைப் படியில் இறங்கிய இரண்டு பெண்கள் ஓரமாக ஒதுங்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். செக்யூரிட்டி அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

இனியா வெளியே வந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். ஈரக் கையை என் வேட்டியில் துடைத்தாள். பிறகு கேட்காமலேயே என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

*

டயானா இறங்கி வந்தபோது நாங்கள் வாசலில் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தோம்.

"என்ன பேஷண்ட்?"

"ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னு அடம். ரொம்ப நேரம் மழுப்புனாரு. எது பயமா இருக்குன்னு கேட்டேன். ஆபரேஷனே இல்ல மச்சான். தான் படுத்துட்டா வீட்டுல பொண்டாட்டிய யாரு பாத்துக்குவாங்கன்னு." அவள் மூச்சு வாங்கினாள். "நடிப்புன்னு தெரியும். ஆனா எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. மார்க்கு போச்சோ வந்துச்சோ தெரியல."

அவள் போன் என் பையில் அடித்தது. அத்தை. ஸ்பீக்கரில் போட்டு, "சொல்லுங்க அத்தை" என்றேன்.

"மாப்ள, ஃபாதர்ட்ட ஏன் அப்புடிச் சொல்லிட்டுப் போனீங்க? சன்னல்கிட்ட நின்னு கேட்டேனே. ரெண்டாவது ஓலை இல்லன்னுட்டாரு. ஒங்க மாமா அப்பவே வண்டி ஏறிட்டாரு. அங்கிட்டுத்தான் வாராரு. கையில புடிக்க முடியல." அத்தை அழுதார். "புள்ளையப் பாத்துப் பயப்புடுற ஆளுட்ட எம்பேத்திய விட மாட்டேன், இன்னையோட தூக்கிட்டு வந்துருறேன், இனி இந்த வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போறாரு. டயானா, நீயாச்சும் சொல்லுடி. நீ சம்மதம்னுதான சொன்ன?"

டயானா போனை வாங்கி அணைத்தாள்.

"சம்மதம்னா சொன்ன?" என்றேன்.

"பயம் இல்லன்னு சொன்னேன். அம்மா சன்னல்கிட்ட நின்னாங்க." மண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நீங்க?"

"இருக்குன்னு சொன்னேன்."

அவள் நிமிர்ந்தாள். என்ன சொல்லப்போகிறாளோ என்று நான் பார்ப்பதற்குள், தெருமுனையில் ஓர் ஆட்டோ திரும்பியது. பூசைக்குக் கட்டிய அதே வெள்ளை வேட்டியோடு மாமா ஒரு காலை வெளியே தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தார். கட்டடத்தின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். இன்னும் எங்களைப் பார்க்கவில்லை.

"அப்பா, கை வலிக்குது," என்றாள் இனியா.

குனிந்து பார்த்தேன். அவள் விரல்கள் என் கைக்குள் நசுங்கிக்கொண்டிருந்தன. தளர்த்தினேன். விடவில்லை. என் கைதான் நடுங்கியது. எந்தச் சொல்லும் தானாக வந்து பக்கத்தில் நிற்கவில்லை.

டயானா என் முகத்தையே பார்த்தாள்.

"இப்பத்தான் மூஞ்சியில தெரியுது," என்றாள்.

ஆட்டோ நின்றது. டயானா இனியாவின் இன்னொரு பக்கம் வந்து நின்றுகொண்டாள். பயப்படாதீங்க என்று சொல்லவில்லை. நர்ஸ் கேட்கிற கேள்வியைத் தமிழில் கேட்டாள்.

"சொல்லுங்க மச்சான். எது ரொம்பப் பயமா இருக்கு?"

மாமா இறங்கி எங்களை நோக்கி நடந்து வந்தார். "இவள எங்கிட்டேர்ந்து தூக்கிட்டுப் போயிருவாரோன்னு," என்று அவர் வந்து சேர்வதற்குள் சொல்லிவிட்டேன்.